நேரத்தைக் குறைக்கலாம், கண்ணீரைக் குறைக்கலாமா?

கொடை விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. வரி பிரித்தாயிற்று. பந்தலுக்கும் மேளத்துக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று.

அடுத்த கேள்வி: இரவு நிகழ்ச்சிக்கு என்ன வைப்பது?

"கோவலன் நாடகம் போடலாம்" என்கிறார் ஒரு பெரியவர்.

உடனே இளைஞர்கள் சிரிக்கிறார்கள்.

"தாத்தா, விடிய விடிய யார் உட்காருவது? அதிலும் அழுகை நாடகம்! சினிமாப் பாட்டுக் கச்சேரி வைத்தால் கூட்டம் அள்ளும்" என்கிறார்கள்.

பெரியவர் வாய் திறக்கவில்லை. கச்சேரிக்கே முன்பணம் போகிறது.

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் இந்தப் பேச்சு நடக்கலாம். இதில் யார் சொல்வது சரி?

இளைஞர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இன்று விடிய விடிய உட்கார முடியாது. விசைத்தறிக்குப் போகிறவருக்குக் காலையில் வேலை. பூப்பறிக்கிற பெண்கள் கோழி கூவும் முன்பே எழ வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

பெரியவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கோவலன் நாடகம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஓர் ஏழைப் பெண், அரசனின் சபையில் நின்று நியாயம் கேட்ட கதை அது. அந்தக் கேள்வியை நம் பிள்ளைகள் காதால் கேட்க வேண்டாமா?

இரண்டு பாதியையும் சேர்த்தால் வழி பிறக்கும். பெரியவர் விரும்பும் நாடகத்தை, இளைஞர்கள் விரும்பும் நேரத்துக்குள் போடலாம். நேரத்தைக் குறைக்கலாம். கண்ணீரைக் குறைக்கக் கூடாது.

இதே கேள்வி கடல் கடந்த ஒரு நாட்டிலும் எழுந்தது. அங்கே என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

இத்தாலியில் ஒரு நாடகம்

இத்தாலி நாட்டில் 'ஆப்பரா' என்று ஒரு கலை உண்டு. ஆப்பரா என்றால், பாட்டாலேயே நடக்கும் நாடகம். ராஜாவும் பாடுவார், வேலைக்காரனும் பாடுவான். சண்டையும் பாட்டுத்தான், சாவும் பாட்டுத்தான்.

மாண்டுவா நகரில் 1607-ல் 'ஆர்ஃபியோ' என்ற ஆப்பரா அரங்கேறியது. அதற்கு இசை அமைத்தவர் மாண்டிவெர்டி. அப்போது அது அரண்மனைக் கலை. 1637-ல் வெனிஸ் நகரில், காசு கொடுத்தால் யாரும் பார்க்கலாம் என்று ஆப்பராக் கொட்டகை திறந்தார்கள். அதன் பிறகு அது மக்கள் கலை ஆயிற்று. 2023-ல் இத்தாலியின் ஆப்பராப் பாடலை உலகின் கலைச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

ஆப்பராக்களில் புகழ் பெற்ற ஒன்று 'லா டிராவியாட்டா'. 'வழி தவறியவள்' என்று பொருள். வெர்டி என்ற மேதை இசை அமைத்தது.

கதை இதுதான். பாரிஸ் நகரில் வயலெட்டா என்று ஒரு பெண். பணக்காரர்களின் விருந்துகளில் ஆடிப் பாடி வாழ்கிறவள். ஆல்பிரெடோ என்ற இளைஞன் அவளை உண்மையாக நேசிக்கிறான். அவளும் பழைய வாழ்க்கையை உதறிவிட்டு அவனோடு போகிறாள்.

ஒரு நாள் அவனுடைய தகப்பனார் வருகிறார். "அம்மா, உன்னால் என் மகளின் கல்யாணம் நின்றுவிடும் போல் இருக்கிறது. என் மகனை விட்டுப் போய்விடு" என்று கெஞ்சுகிறார்.

முன்பின் அறியாத ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக, இவள் தன் வாழ்க்கையைக் கொடுக்கிறாள். காரணம் சொல்லாமல் பிரிகிறாள். அவன் அவளைத் தவறாக நினைத்து, சபை நடுவே அவமானப்படுத்துகிறான். உண்மை தெரிந்து அவன் ஓடி வரும்போது, காசநோய் அவளைக் கரைத்துவிட்டது. அவன் மடியிலேயே உயிர் போகிறது.

நம் மாதவியின் பக்கம் நின்று ஒருவர் கதை சொன்னால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படி இருக்கிறது அல்லவா?

முதல் நாள் தோல்வி

இந்த நாடகம் 1853 மார்ச் 6-ந் தேதி வெனிஸ் நகரில் அரங்கேறியது. அன்று அது தோற்றது!

காசநோயால் மெலிந்து சாக வேண்டிய கதாநாயகியாக நடித்தவர் பருத்த உடல்வாகு கொண்டவர். அவர் சாகும் காட்சியில் ஜனங்கள் சிரித்தார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. வெர்டி அந்தக் கதையைத் தம் காலத்து உடையிலேயே நடத்த விரும்பினார். 'இது நம் ஊரில், நம் கண் முன்னே நடக்கும் அநியாயம்' என்று பார்ப்பவருக்கு உறைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கொட்டகை நிர்வாகம் ஒப்பவில்லை. கதையை நூற்றைம்பது ஆண்டு பின்னே தள்ளி, 1700-ம் ஆண்டு வாக்கில் நடந்ததாக மாற்றிப் பழைய காலத்து உடை போட வைத்தது.

குற்றம் என்னுடையதா, பாடியவர்களுடையதா என்று காலம் சொல்லும் என்ற கருத்தில் வெர்டி தம் நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

காலம் சொல்லிற்று. 1854-ல் அதே வெனிஸ் நகரில், வேறொரு கொட்டகையில், வேறு பாடகர்களைக் கொண்டு அந்த நாடகம் மறுபடி நடந்தது. இசையில் சில இடங்களைத் திருத்தியிருந்தார்கள். இந்த முறை ஜனங்கள் கொண்டாடினார்கள்.

எதைத் திருத்தினார்கள்? பாட்டைத் திருத்தினார்கள். பாடுகிறவரை மாற்றினார்கள். வயலெட்டாவின் சாவை மாற்றவில்லை.

2005-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகர விழாவில் இதே நாடகத்தைப் புது விதமாகப் போட்டார்கள். மாளிகை இல்லை, சரவிளக்கு இல்லை. ஏறக்குறைய வெறும் மேடை. அதில் ஒரு பெரிய கடிகாரம். சிவப்புக் கவுன் அணிந்த ஒரு பெண். அவளுக்கு நேரம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதை அந்தக் கடிகாரமே சொல்லிற்று. பாட்டு வெர்டியின் பாட்டுத்தான். கதையும் அதே கதைதான். உலகமே அதைப் பேசிற்று.

நம் சுவாமிகள்

நமக்கும் ஒரு வெர்டி இருந்தார். அவர்தான் தூத்துக்குடியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்.

நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அபிமன்யு சுந்தரி எல்லாம் அவர் கைவண்ணம். 1918-ல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் பாடம் கேட்டார்கள். 1922-ல் புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். நாடக உலகம் அவரைத் 'தலைமை ஆசிரியர்' என்று இன்றும் வணங்குகிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலை கற்பிக்கும் பள்ளிக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

சுவாமிகளின் கோவலன் நாடகம், பாமர மக்களிடம் வழங்கிய கதையை ஒட்டியது. சிலப்பதிகாரத்திலிருந்து சில இடங்களில் மாறுபடும். ஆனாலும் உயிர் ஒன்றே. பொற்கொல்லன் பொய் சொல்கிறான். அரசன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்கிறான். குற்றமற்றவன் தலை போகிறது. பெண் ஒருத்தி நியாயம் கேட்டு வருகிறாள்.

'பழைய நாடகத்தில் கை வைக்கலாமா?' என்று சிலர் அஞ்சுவார்கள். சுவாமிகளே தம் காலத்தில் கை வைத்தவர்தான். அவருக்கு முன்பு மேடைக்கு வந்தவர்கள் வாய்க்கு வந்த வசனத்தை விருப்பம்போல் பேசினார்கள். அவர் பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுத்து, அதைப் பாடம் பண்ண வைத்தார். ஆர்மோனியமும் படம் எழுதிய திரைச் சீலையும் அந்தக் காலத்துக்குப் புதுச் சரக்குகள். ஐரோப்பாவில் பிறந்த ஆர்மோனியம் நம் ராஜபார்ட்டுக்குச் சுருதி கூட்டிற்று. 

ஆகவே, காலத்துக்கு ஏற்ற மாற்றம் பாவம் அல்ல. எதை மாற்றுவது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

ஒரு சொல்லுக்கு நின்ற நாடகம்

நாடக உலகில் ஒரு செய்தி சொல்வார்கள்.

கோவலன் நாடகம் மதுரையில் நடந்தது. கோவலன் பாடும் பாட்டில் மதுரையைப் பற்றி 'மாபாவியோர்' என்று ஒரு சொல் வந்தது. சபையில் சலசலப்பு. "எங்கள் ஊரார் மகா பாவிகளா?" என்று எழுந்துவிட்டார்கள். நாடகம் நின்றது.

சுவாமிகள் மேடைக்கு வந்தார். "மா என்றால் திருமகள். பா என்றால் கலைமகள். வி என்றால் மலைமகள். மூவரும் வாழும் ஊர் என்றல்லவா பாட்டு சொல்கிறது!" என்று விளக்கினார். கோபம் கைதட்டலாக மாறியது.

சுவாமிகளின் புலமை பெரிது. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் பாட்டில் வந்த ஒற்றைச் சொல்லைக் கூட விடாமல் கேட்டிருக்கிறார்கள்! அது மைக் இல்லாத காலம். சங்கரன்கோவில் இருக்கும் இதே தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா அந்தக் காலத்தில்தான் பாடிப் புகழ் பெற்றார். கடைசி வரிசைக்காரனுக்கும் அவர் குரல் எட்டிற்று.

இன்று மைக் இருக்கிறது. பத்து ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. சத்தம் பக்கத்து ஊருக்குப் போகிறது. பந்தலில் இருப்பவருக்குப் பாட்டின் சொல் மட்டும் புரியவில்லை!

சொல் புரியாவிட்டால் சோகம் எப்படிப் புரியும்? இளைஞர்கள் எழுந்து போவது சோகத்தைக் கண்டு அல்ல. சினிமாவில் சோகம் வந்தால் அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். புரியாத இடத்தில்தான் யாருக்கும் உட்காரப் பிடிக்காது.

இத்தாலிய ஆப்பராவுக்கும் இந்தத் தொல்லை உண்டு. மற்ற நாட்டாருக்கு அந்த மொழி தெரியாது. அதற்கு ஒரு வழி கண்டார்கள். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1983-ல், ஆப்பரா நடக்கும்போதே மேடைக்கு மேலே பாட்டின் பொருளை எழுத்தில் காட்டினார்கள். இன்று உலகின் பெரிய அரங்குகளில் எல்லாம் இந்த வழக்கம் வந்துவிட்டது.

நமக்கும் இது முடியும். கொடை விழாக்களுக்கு எல்.இ.டி. திரை வாடகைக்குக் கிடைக்கிறது. அதில் பெரிய எழுத்தில் பாட்டைக் காட்டலாம். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் பாட்டோடு சேர்ந்து படிப்பார்கள்.

முன்பு நாடகக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் மலிவு விலைக்கு விற்பார்கள். இத்தாலியிலும் பாட்டுப் புத்தகம் உண்டு. அதற்கு 'லிப்ரெட்டோ' என்று பெயர். 'சின்னப் புத்தகம்' என்பதுதான் அதன் பொருள். எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தால் என்ன?

எதைக் குறைப்பது?

இன்று கிராமங்களில் நடக்கும் இசை நாடகம் எப்படி நடக்கிறது தெரியுமா?

ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். பபூன் வேறோர் ஊர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வேறு வேறு ஊர். மதுரை, புதுக்கோட்டை போன்ற இடங்களில் உள்ள நடிகர் சங்கங்கள் வழியாகத் தனித்தனியாகப் பேசி அழைக்கிறார்கள். மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனாலும் நாடகம் நடந்துவிடும்! அத்தனை பாடமும் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. இது சாமானியத் திறமை அல்ல.

ஆனால் ஒத்திகை இல்லாததால்தான் நேரமும் நீளுகிறது. யார் எவ்வளவு பாடுவார், எங்கே நிறுத்துவார் என்று முன்கூட்டித் தெரியாது. இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. பபூன் வருகிறார். ஆட்டம் நடக்கிறது. பொழுது விடிகிற நேரத்தில்தான் கண்ணகி வருகிறாள். அப்போது பந்தலில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். மீதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஊருக்கே நியாயம் கேட்க வந்தவள், காலி நாற்காலிகளிடம் நியாயம் கேட்கிறாள்!

ஆகவே நாம் சொல்வது இது: இரவு எட்டு மணிக்குத் தொடங்குங்கள். பதினொரு மணிக்கு முடியுங்கள். மூன்று மணி நேரம் போதும். 'லா டிராவியாட்டா' இரண்டேகால் மணி நேர நாடகம்தான். இடைவேளை சேர்த்தால் மூன்று மணிக்குள் முடியும்.

கதையோடு ஒட்டாத சினிமாப் பாட்டை எடுத்துவிடலாம். ஒரே கருத்தைத் திருப்பித் திருப்பிப் பாடுவதைக் குறைக்கலாம். நீண்ட தர்க்கத்தைச் சுருக்கலாம். குடும்பத்தோடு கேட்க முடியாத இரட்டை அர்த்தப் பேச்சு அறவே வேண்டாம்.

பபூனை எடுக்க வேண்டியதில்லை. சிரிப்பு சோகத்துக்குப் பகை அல்ல. வயலெட்டா சாகக் கிடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஊரார் திருவிழாப் பாட்டுப் பாடிப் போவார்கள். அந்த ஆரவாரம் கேட்கக் கேட்க, உள்ளே கிடப்பவளின் தனிமை நமக்கு இன்னும் உறைக்கும். அதுபோல நம் பபூனின் வேடிக்கையும் கதைக்குள் இருக்கட்டும். கதைக்கு வெளியே போக வேண்டாம்.

இதற்கெல்லாம் ஒரு நாள் ஒத்திகை தேவை. அந்த ஒரு நாளைக்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். 'அதிகச் செலவு' என்று தயங்க வேண்டாம். ஒலிபெருக்கியிலும் வண்ண விளக்கிலும் பாதியைக் குறைத்தால், அந்தப் பணம் இங்கே வந்துவிடும். சத்தத்துக்குக் கொடுப்பதைச் சங்கீதத்துக்குக் கொடுங்கள்.

முடிவை மாற்றலாமா?

சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். "கோயில் விழாவில் அபசகுனம் எதற்கு? கோவலன் பிழைத்தான் என்று முடித்துவிடலாமே" என்பார்கள்.

இதையும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். 'கார்மென்' என்று பிரெஞ்சு மொழி ஆப்பரா ஒன்று உண்டு. கடைசியில் கார்மென் என்ற பெண்ணை அவள் காதலன் குத்திக் கொன்றுவிடுவான். 2018 ஜனவரியில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இதை மாற்றினார்கள். கார்மென் சாகவில்லை, அவளே காதலனைச் சுட்டுவிடுகிறாள். பெண்கள் கொல்லப்படுவதைக் கண்டிக்கவே இப்படிச் செய்தோம் என்றார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் சபையில் பலர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள்.

ஏன்? அநியாயம் நடப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் 'இது நடக்கக் கூடாது' என்ற கோபம் நமக்கு வரும். மேடையிலேயே அநியாயத்தைத் துடைத்துவிட்டால், நாம் கோபப்பட ஒன்றும் இல்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவோம்.

கோவலன் பிழைத்துவிட்டால் கண்ணகிக்கு அரசனிடம் என்ன வேலை? அவள் சிலம்பை உடைக்க வேண்டியதில்லை. அரசன் தலை குனிய வேண்டியதில்லை. 'விசாரிக்காமல் தண்டிக்காதே' என்ற பாடமும் இல்லாமல் போகும்.

அந்தப் பாடம் ராஜாவுக்கு மட்டும்தானா? யாரோ சொன்னதைக் கேட்டு, விசாரிக்காமல், அடுத்த வீட்டுக்காரரைத் திருடன் என்கிறோம். செல்போனில் வந்த ஒரு வதந்தியை நம்பி முன்பின் தெரியாதவரைச் சந்தேகப்படுகிறோம். பொற்கொல்லன் இன்றும் இருக்கிறான். அவசரப்படும் பாண்டியனும் நமக்குள் இருக்கிறான். கோவலன் கதை பழைய கதை அல்ல. உடையை வேண்டுமானால் மாற்றுங்கள், மேடையை மாற்றுங்கள், விளக்கை மாற்றுங்கள். அந்தச் சாவை மட்டும் மாற்றாதீர்கள்.

அழுவது அபசகுனமும் அல்ல. பிறர் துன்பத்துக்காகச் சிந்தும் கண்ணீர், கும்பாபிஷேக நீரைப் போல மனசைச் சுத்தம் செய்யும். பக்கத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு என்று பார்க்காமல் ஊரே சேர்ந்து அழும் இரவு, ஊருக்கு நல்ல இரவு.

ஓர் இரவு கொடுங்கள்

விழாக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். பாட்டுக் கச்சேரியை விலக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் கச்சேரி வையுங்கள். ஒரு நாள் நாடகம் வையுங்கள். பெண்களும் பிள்ளைகளும் முன்னால் உட்கார இடம் விடுங்கள். பள்ளி ஆசிரியரை அழைத்துக் கதையை ஐந்து நிமிடம் முன்னுரையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நெஞ்சில் இருப்பது நூறு ஆண்டுச் செல்வம். கைதட்டலுக்காக அதை விட்டுச் சினிமாப் பாட்டுக்கு ஓடாதீர்கள். விருத்தத்தை நிறுத்தி, சொல் தெரியும்படி பாடுங்கள். ஜனங்கள் கேட்பார்கள்.

இளைஞர்களுக்கும் ஒன்று. தாத்தா சொன்னதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். திரையில் பாட்டைக் காட்டவும், விளக்கை அமைக்கவும், நேரத்தை வகுக்கவும் உங்களுக்குத்தான் தெரியும். நாடகம் அவரிடம் இருக்கிறது; வழி உங்களிடம் இருக்கிறது.

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவிலில் என்ன பார்க்கக் கூடுகிறோம்? ஒரு பாதி சங்கரன், ஒரு பாதி நாராயணன். இரண்டும் ஓர் உருவம். 'நீ பெரியவனா, நான் பெரியவனா' என்ற வழக்குக்கு அங்கே இடமே இல்லை.

மேடையிலும் அப்படியே இருக்கட்டும். பழைய பாட்டு ஒரு பாதி. புதிய மேடை ஒரு பாதி.

அன்று இரவு பதினொரு மணிக்குள் கண்ணகி வந்து நியாயம் கேட்கட்டும். ஊர் விழித்திருந்து பதில் சொல்லட்டும்.